வெறும் நான்

ஆடி மழையில் சவாரி இல்லை.
மூன்று நாளாய் வண்டி
ஏழுரோட்டில் நனைந்துகொண்டு நிற்கிறது.
"அந்த டாபாவுக்குள்ள
அப்படி என்னதான் இருக்கு?"
என்றாள் ரெஜினா.

பதினோரு வருஷமாய்
அகமதாபாத்துக்கும் சூரத்துக்கும்
தூண் பாறையைக் காட்டி
(பாதி நாள் தூணும் இருக்காது, பாறையும் இருக்காது,
மேகத்தைக் காட்டி)
பசியோடு கொண்டுவந்து இறக்குகிற இடம்.
எனக்கு அதன் பின்வாசல்தான் தெரியும்.
வெங்காய மூட்டை, சிலிண்டர், ஒற்றை பெஞ்சு.
டிரைவர் சாப்பாடு இலவசம்:
சோறு, ரசம், அன்றைக்கு மிஞ்சிய பொரியல்.
கொதிக்கும் தந்தூரி அடுப்புக்குள் கையை விட்டு
மாவை அறைகிற தவசிக்கு
ஊர் உசிலம்பட்டி.
தட்டு தூக்கும் புத்ராமுக்கு
ராஞ்சியிலிருந்து இன்னும் இரண்டு பஸ்.
பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து
அவனும் ரசம்தான் குடிப்பான்,
கையில் ஊற்றி, உறிஞ்சி.

முன்கதவில் மணி கட்டியிருப்பது
இன்றைக்குத்தான் தெரிந்தது.
தள்ளினால் அடிக்கிறது.

புத்ராம் வந்தான்.
என்னைப் பார்த்தான்.
பழக்கத்தில் அவன் கண்
ஒருமுறை அடுக்களைப் பக்கம் போய்வந்தது.
பிறகு ரெஜினாவின் ஈஸ்டர் பட்டைப் பார்த்தான்.
துடைத்துச் சுத்தமாய் இருந்த மேசையை
இன்னொரு தடவை துடைத்து
"வாங்க சார்" என்றான்.
நேற்றுவரை "அண்ணே".

மெனு அட்டை சிலேட்டு கனம்.
மேலே இந்தி, நடுவே இங்கிலீஷ்,
அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் தமிழ்:
வெண்ணெய் நான் ஐம்பத்தைந்து
பூண்டு நான் எழுபது
வெறும் நான் நாற்பது.
"உன்னையும் போட்டிருக்கான் பாரு,
கடைசில"
என்று சிரித்தாள்.
எனக்கு அதையே சொல்லிக்கொண்டேன்.
அவள் கூசவில்லை:
பூண்டு நான் இரண்டு, மஞ்சள் பருப்பு,
பனீரில் எது சிவப்பாய் இருக்குமோ அது.

ரெஜினா பூம்பாறைக்காரி.
பிய்த்தாள், முகர்ந்தாள்,
ஒரு பல்லை நகத்தால் கிள்ளி நாக்கில் வைத்தாள்.
"மலைப்பூண்டுன்னு வெளியே போர்டு.
இது வத்தலக்குண்டு சந்தைல வாங்குனது."
மெதுவாகப் பேசுகிற வழக்கம்
அவள் வீட்டில் யாருக்கும் கிடையாது.
சுவரில் தட்டு நீட்டுகிற ஓட்டைக்குள்
தவசியின் தலை தெரிந்தது:
"யக்கா... பொழப்பக் கெடுக்காத."

அடுத்த மேசையில்
கல்யாண மருதாணி அழியாத ஒரு பெண்,
வாடகைக் குல்லாவில் ஒரு பையன்.
ஜன்னலுக்கு வெளியே ஏரி இருந்த இடத்தில்
வெள்ளைத் துணி.
எப்போது விலகும் என்று
இந்தியில் என்னைத்தான் கேட்டான்.
எந்த முகத்தைப் பார்த்துக் கேட்டானோ.
காலை ஆறரைக்கு வந்தால், நம்ம வண்டியிலேயே,
எட்டு இடம், இரண்டாயிரத்து இருநூறு என்று
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
மேசைக்கு அடியில்
ரெஜினாவின் கால் என் காலை மிதித்தது.
"தெரியல பையா,
நானும் சாப்பிட வந்தவன்" என்றேன்.

கல்லாவில் பல்தேவ்.
குடும்பத்துக்கு ஐம்பது என்று
எண்ணி என் பையில் வைக்கிற அதே விரல்கள்.
பில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
பேனாவை எடுத்தார்.
ஏதோ யோசித்து, கீழே வைத்தார்.
வரியோடு ஐந்நூற்று எண்பத்தெட்டு.
ஒரு ரூபாய் குறைக்கவில்லை.
அந்த மனுஷனை
அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்தது.
சர்க்கரை பூசிய சோம்பை
மகனுக்கென்று இரண்டு கை அள்ளினாள் ரெஜினா.
அதற்கும் அவர் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை மழை விட்டது.
உதய்பூர்க் குடும்பம், ஒன்பது பேர்,
வழி முழுக்க வாந்தி.
முன்வாசலில் இறக்கிவிட்டு
சந்து வழியாய்ப் பின்னால் போனேன்.
வெங்காயம், சிலிண்டர், பெஞ்சு.
புத்ராம் கிண்ணியோடு வந்தான்.
"சாருக்கு ரசமா?" என்றான்,
சிரிப்பை அடக்கத் தெரியாமல்.
கையை நீட்டினேன்.
ஊற்றினான், முழங்கைவரை வழிய.